சீகை நிழலில் முளைக்கும் சோலை

பி.எஃப். பைசன் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் பூக்கும் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915இல் வெளிவரத் தொடங்கியது. உதகை, கோத்தகிரி, கோடைக்கானலைச் சுற்றி, 6,500 அடிக்கு மேலே வளர்வன என்று எல்லை வகுத்துக்கொண்ட நூல் அது. காட்டில் தானாக வளரும் செடிகளோடு, வெளியிலிருந்து கொண்டுவந்தவற்றில் பரவலானவையும் இதில் உண்டு என்பதை அதன் நீண்ட தலைப்பே சொல்லிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மலைகளின் செடிகொடிகளை எழுத உட்கார்ந்தவரால் அயல் செடிகளை ஒதுக்கிவிட்டு எழுத முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு அவை பெரும்பாலும் ஊரை ஒட்டியே நின்றன. பங்களாத் தோட்டங்களில், சாலை ஓரங்களில், விறகுக்காக நட்ட தோப்புகளில். அவற்றைத் தாண்டி நடந்தால் புல். ஒரு மலைக்குப் பின் இன்னொரு மலையாகப் புல். இன்று அதே மேட்டில் ஏறுகிறவர் மணிக்கணக்காக மர நிழலிலேயே நடக்கலாம்: சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன். கோடைக்கானலுக்கு வருகிற குடும்பங்கள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, மலைக்காடு என்றால் இதுதான் என்று நம்பித் திரும்புகின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு இங்கே என்ன இருந்தது என்பதை இந்த மரங்களைப் பார்த்து யாரும் ஊகித்துவிட முடியாது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறியபோது கண்டது இரண்டு விதமான நிலம். மேடுகளிலும் சரிவுகளிலும் இடுப்புக்குக் கீழே நிற்கும் புல். மலை மடிப்புகளில், நீர் கூடும் இடங்களில், கரும்பச்சையாக அடர்ந்த சோலைகள். சோலை மரங்கள் உயரமானவை அல்ல. காற்றுக்குப் பணிந்து, கிளை முறுக்கி, தண்டெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் சுமந்து நிற்பவை. நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், விக்கி, விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு. இந்த மலைகளுக்கே உரிய விந்தை என்னவென்றால் புல்லும் சோலையும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெயில் அடிக்கும் புல்லிலிருந்து பத்து அடி எடுத்து வைத்தால் ஈரமான இருட்டுக்குள் இருப்போம். இடையில் புதர்க்காடு கிடையாது. விளிம்பில் தவுட்டுப்பழமும் ஊசிக்களாவும் மட்டும் வரிசை கட்டி நிற்கும்.

அந்தப் புல் வெறும் புல்லாக இருக்கவில்லை. தோடர்களின் எருமைகள் அதில் மேய்ந்தன. தோடர் கோயில்களுக்குக் கூரை வேயும் புல், மேட்டுச் சதுப்பு ஓரங்களில் வளரும் ஓர் அரிய இனம். வரையாடு புல்வெளியின் விலங்கு. மரம் அடர்ந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல்லில் கூடு கட்டி, புல்லில் பூச்சி தேடி, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழிக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியும் திறந்த சரிவுகளின் செடிதான்.

இதையெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், தங்கள் ஊர்ப் புல்மேடுகளை நினைத்து உருகவும் செய்தார்கள். ஆனால் வருவாய்க் கணக்கிலும் வனக் கணக்கிலும் புல் தரிசாகத்தான் ஏறியது. மரம் இருந்தால் காடு, இல்லாவிட்டால் பாழ்நிலம். காட்டை யாரோ வெட்டி எரித்ததால்தான் புல் வந்தது என்ற எண்ணமும் கூடவே வேர்விட்டது. அப்படியானால் அதில் மரம் நடுவது, இழந்ததைத் திருப்பித் தருவதாகத்தானே தோன்றும்?

அந்த எண்ணத்தைச் சேற்றுக்குள்ளிருந்த சான்று மறுத்தது. நீலகிரிச் சதுப்புகளில் ஆண்டாண்டாக மட்கிப் படிந்த கரிச்சேற்றைச் சூழலியல் அறிஞர் ரா. சுகுமாரும் அவருடைய குழுவினரும் எடுத்து ஆராய்ந்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு. அந்த வேற்றுமை சேற்றில் தடமாகத் தங்கிவிடுகிறது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மேடுகளில் புல் இருந்தது. ஈரம் மிகுந்த காலங்களில் மரங்கள் பெருகியிருக்கின்றன, வறண்ட, குளிர்ந்த காலங்களில் புல் பெருகியிருக்கிறது. கோடரியோடு மனிதர்கள் மலையேறுவதற்கு வெகு காலம் முன்பே நடந்த ஏற்ற இறக்கம் அது.

அப்படியானால் சோலை ஏன் புல்லுக்குள் பரவவில்லை? பறவைகள் விதையைச் சுமந்து போகின்றன, மழைக்கும் பஞ்சமில்லை. விடை மார்கழி, தை இரவுகளில் இருக்கிறது. வானம் தெளிந்த இரவில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தையெல்லாம் விட்டுவிடும். விடியும்போது புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி. சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் தரை உறைவதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. புல்லுக்குள் விழுந்து முளைக்கும் சோலைக் கன்றை உறைபனி கருக்கிவிடுகிறது. புல்லையும் சோலையையும் ஆயிரமாண்டுகளாகப் பிரித்து நிறுத்திய வேலி அதுதான்.

அந்த வேலியைத் தாண்டத் தெரிந்த மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் தாஸ்மானியாவிலும் குளிர்கால உறைபனி வாடிக்கையானது. அங்கே பிறந்த வாட்டிலுக்கும் நீலக் கற்பூர மரத்துக்கும் நீலகிரியின் தை மாத இரவு புதிதல்ல. மலைமக்கள் வாட்டிலைச் சீகை என்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் வந்தன. இன்று மலையை மூடியிருப்பதில் பெரும்பங்கு, பட்டைக்காக நட்ட கறுப்பு வாட்டிலுக்கு.

அவை வந்த கதையில் ஒரு பகுதி நல்லெண்ணத்தால் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். உதகையில் ஊர் எழுந்ததும் அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் விறகு தேவைப்பட்டது. பங்களாக்கள், படைமுகாம்கள், பிறகு தேயிலைத் தொழிற்சாலைகள். எல்லாவற்றுக்கும் முதலில் எரிந்தது சோலை. மெதுவாக வளரும் சோலை மரம் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1830களிலும் 40களிலும் தோட்டங்களில் வளர்த்துப் பார்த்த ஆஸ்திரேலிய மரங்கள் பத்தே ஆண்டில் விறகாகத் தேறின. நட்டவர்கள் சோலையைக் காப்பாற்றினார்கள் என்பதும் உண்மை. விலையைக் கொடுத்தது புல். பழனி மலையிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள், பின்னாலேயே அயல் மரங்களும் ஏறி வந்தன.

ஆனாலும் முதல் நூறு ஆண்டுகளில் நடந்தது சிறிது. மலை உருமாறியது விடுதலைக்குப் பிறகு. அதற்கான காரணம் மலையில் இல்லை, சமவெளியின் தோல் பதனிடும் சாலைகளில் இருந்தது. சென்னை மாகாணத்துத் தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பி நின்றது. திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் உலகச் சந்தைக்குப் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் அதன் சாறும் வரத் தொடங்கின. துவர்ப்பு மிகுதி, வேலை விரைவு. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. நியாயமான முடிவு. பட்டையை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்றானதும் கண்கள் நீலகிரி, பழனிப் புல்மேடுகள் மீது விழுந்தன. பவானிக் கரையில் சிறுமுகையில் விஸ்கோஸ் நூலுக்கான மரக்கூழ் ஆலையும் எழுந்தது. அதற்குக் கற்பூர மரமும் சீகையும் வேண்டியிருந்தன. 1950களிலிருந்து 80கள் வரை வனத்துறை புல்லை உழுது வரிசை வரிசையாக நட்டது. குந்தாவின் மேடுகள், அப்பர் பவானி, பேரிஜம், மன்னவனூர்ப் பக்கம், எங்கும். பைன் மரங்களும் சேர்ந்துகொண்டன.

பழனி மலைக்குக் கணக்கு இருக்கிறது. எம். அரசுமணி, வி.வி. ராபின் ஆகியோர் இடம்பெற்ற குழு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் அதை வெளியிட்டது. சுமார் 40 ஆண்டுகளில் அங்கிருந்த மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புல் போன இடத்தில் நிற்பவை மரத்தோட்டங்களும், உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளையும் வயல்களும். நட்ட இடத்தோடு சீகை நின்றிருந்தால் கூட இழப்புக்கு ஓர் எல்லை இருந்திருக்கும். அது நிற்கவில்லை. பழைய தோட்டத்தின் விளிம்பிலிருந்து, எவரும் நடாமலே, ஆண்டுக்கு ஆண்டு புல்லுக்குள் முன்னேறிக்கொண்டிருக்கிறது.

சீகையின் பலம் தரைக்குக் கீழே இருக்கிறது. அவரை, துவரைபோல அதுவும் வேர் முடிச்சுகளில் நுண்ணுயிர்களை வைத்துக்கொண்டு காற்றின் நைட்ரஜனை உணவாக்கிக்கொள்ளும். சத்துக் குறைந்த, அமிலத்தன்மை மிகுந்த மேட்டு மண்ணில் இது பெரிய சலுகை. விதையோ கல்லைப்போல் இறுகிய தோலுடையது. மண்ணுக்குள் 50 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். தீ ஓடினால் தோல் வெடித்து ஆயிரக்கணக்கில் முளைக்கும். முளைத்த இடத்தில் நிழல் விழுந்ததும் வெயிலுக்குப் பழகிய புல் வெளுத்து, மெலிந்து, சில ஆண்டுகளில் மறைந்துவிடும். புல் இனங்களில் பல கொத்துக் கொத்தாக, மிக மெதுவாகப் பெருகுபவை. போனால் திரும்பி வர அவற்றுக்கு அவசரம் தெரியாது.

தண்ணீரைப் பற்றி மலைக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: சீகையும் கற்பூர மரமும் வந்தபின் ஊற்று வற்றிவிட்டது. கற்பூர மரத்தைப் பொறுத்தவரை இதற்கு அளந்து பார்த்த சான்றே உண்டு. உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தின் அறிஞர்கள் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதன் ஒரு பகுதியில் நீலக் கற்பூர மரம் நட்டு, பல ஆண்டுகள் நீரோட்டத்தை அளந்தார்கள். முதல் சுற்று வளர்ச்சியில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 விழுக்காடு. நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் நட்டதற்கே இந்த விளைவு. தோடர் கோயில் கூரைக்கான புல் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்னபின் சீகையை வேரோடு களைவதைத் தவிர வேறென்ன பேச இருக்கிறது என்று தோன்றலாம். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

1980களின் நடுவில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து கோடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில் தங்கிவிட்டார்கள். சோலைச் செடிகளுக்கு நாற்றங்கால் வைத்து, பிறகு வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்காக அதே சரிவுகளில் நடந்த அவர்கள் கண்டதும் எழுதியதும் பலரையும் சங்கடப்படுத்தியது. நட்டு நாளான சீகைத் தோட்டங்களுக்கும் பைன் தோட்டங்களுக்கும் அடியில் சோலை முளைத்துக்கொண்டிருந்தது. அதுவும் ஓரிரு செடிகளாக இல்லை. இடுப்பளவு, ஆளுயரம் என்று பல வயதில், பல இனங்களில்.

யோசித்துப் பார்த்தால் இதில் மாயம் எதுவும் இல்லை. சோலைக் கன்றைப் புல்வெளியில் கொன்றது உறைபனி. சீகையின் கூரை வந்ததும் தரையில் உறைபனி விழுவது நின்றது. சோலை மரங்கள் இளமையில் நிழலைத் தாங்குபவை, சொல்லப்போனால் விரும்புபவை. வேரில் போட்டியிட்ட புல்லைச் சீகையே அகற்றிவிட்டது. திறந்த புல்லில் பழந்தின்னிப் பறவைகள் வந்து உட்காரக் கிளை இல்லை, இப்போது இருக்கிறது. நீலகிரிக் காட்டுப்புறாவும் கொண்டைக்குருவிகளும் பக்கத்துச் சோலையில் பழம் தின்று, சீகைக் கிளையில் வந்து உட்கார்ந்து, கீழே எச்சமிடுகின்றன. சீகைக்கோ தன் நிழலிலேயே தன் கன்று வளராது. அதற்கு வெயில் வேண்டும். அதன் ஆயுளும் குறைவு. சில பத்தாண்டுகளில் கிழடு தட்டிச் சாய்கிறது. சாயும் இடத்தில், காத்திருந்த சோலைக் கன்று மேலே எழுகிறது. செவிலித்தாயைப்போல் ஒரு மரம் இன்னொரு காட்டை வளர்த்துவிட்டு விழுகிறது.

அதே மரம், அதே சரிவு. புல்லுக்கு அது சாவு, சோலைக்கு அது தொட்டில். அயல் மரம் மண்ணின் மரத்தை அழிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறவர்கள் இங்கே எந்த மண்ணின் செடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டதும் மகிழ்ந்துவிடுகிற மர விரும்பிகள் உண்டு. இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, விட்டுவிடலாம் என்பார்கள். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. சீகைக்கு அடியில் எழும் சோலை பெரும்பாலும் சோலையே இல்லாதிருந்த இடத்தில் எழுகிறது. அங்கே நெடுங்காலமாக இருந்தது புல். வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக்கும் குறிஞ்சிக்கும் சோலையும் அந்நிய நிலந்தான். மேலும், இப்படி எழும் இளஞ்சோலையில் முதலில் சேர்வன பறவைகள் தூக்கி வரக்கூடிய சிறு விதை மரங்கள். பழைய சோலை பக்கத்தில் இருந்தால் இனங்கள் கூடுகின்றன. தொலைவில் இருந்தால் சிலவற்றோடு நின்றுபோகின்றன. தண்டில் பாசி மெத்தையும் ஆர்க்கிடுகளும் ஏறிப் பழைய சோலையின் முகம் வர எத்தனை தலைமுறை ஆகும் என்று இன்று வாழும் யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

வந்த அயல் செடிகள் எல்லாம் செவிலி வேலை பார்ப்பவையும் அல்ல. ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதர் நீலகிரி மேடுகளில் அடர்ந்த இடங்களில் அதன் அடியில் வளரும் செடிகளின் கலவையே மாறிவிடுகிறது. முள் நிறைந்த கோர்ஸ் புதரும் அப்படியே புல்லைப் பிடிக்கிறது. சோலையைப் பொறுத்தவரை இன்னும் கவலைக்குரியது ஆரஞ்சு நிறப் பூக்களோடு கூடிய செஸ்ட்ரம். அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தது. கூரை மூடிய சோலைக்குள் சீகையால் நுழைய முடியாது, இருட்டு அதற்கு ஆகாது. செஸ்ட்ரத்துக்கு அந்தத் தடை இல்லை. அதன் பழத்தைப் பறவைகள் தின்னும், நிழலில் முளைக்கும், சோலையின் உள்ளேயே கன்றுகளுக்கான இடத்தை எடுத்துக்கொள்ளும். சோலைக் கன்றைச் சீகைக்கு அடியில் கொண்டுவந்து போடும் அதே பறவை வகைகளே இதையும் சோலைக்குள் போடுகின்றன. சீகைக்குக் கிடைக்கும் வசையில் பாதி இதன்மீது திரும்பினால் நல்லது.

புல்வெளி அழியாமல் நின்ற இடமும் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மூணாறுக்கு மேலே இரவிகுளம், 97 சதுர கிலோமீட்டர். தேயிலைக் கம்பெனித் துரைமார்கள் அதை வேட்டைக் களமாக வைத்திருந்தார்கள். வேட்டைக்கு வரையாடு வேண்டும், வரையாட்டுக்குப் புல் வேண்டும் என்பதால் மரம் நட விடவில்லை. 1978இல் தேசியப் பூங்காவான அந்த மேடுதான் இன்று வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம். 2006லும் 2018லும் குறிஞ்சி பார்க்கக் கூட்டம் அலைமோதியதும் அங்கேதான். நீலகிரியின் முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவாகும்போது அதன் விளிம்புகளில் சீகை ஏற்கெனவே ஏறியிருந்தது. இரண்டு மேடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அன்றும் இன்றும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கெடுக்கும் முறையும் புல்லுக்கு எதிராகவே நிற்கிறது. இந்திய வன அளவைத் துறை, ஓர் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கூரை பத்து விழுக்காடு இருந்தாலே அதை வனப்பரப்பு என்று கணக்கிடுகிறது. என்ன மரம் என்று பார்ப்பதில்லை. ஆகவே சீகை மூடிய மேடு அறிக்கையில் காடாக ஏறும். அதே மேட்டில் சீகையை நீக்கிப் புல்லை மீட்டால் வனப்பரப்பு குறைந்ததாகக் காட்டும். இந்த விதி மாறாமல் புல்வெளிக்கு நியாயம் கிடைக்குமென்று நான் நம்பவில்லை.

நிலைமை அசையாமல் இல்லை. புதிதாக அயல் மரத் தோட்டம் போடுவது 1980களின் முடிவோடு பெரும்பாலும் நின்றது. சிறுமுகை ஆலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. தோல் தொழிலும் பெரும்பாலும் குரோமியத்துக்கு மாறிவிட்டது. சீகை எதற்காக நடப்பட்டதோ அந்தத் தேவை போய், மரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அயல் மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்தியது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. இதெல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் உத்தரவு மலைக்கு வரும்போது ‘இத்தனை எக்டேர் சீகை வெட்டு’ என்று சுருங்கிவிட்டால், முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சீகைக்கு அடியில் எழுந்த சோலைக் கன்றுகளும் சேர்ந்தே நசுங்கும். மரத்தை இழுத்துச் செல்லும் லாரிச் சக்கரத்துக்குச் செண்பகக் கன்று எது, சீகைக் குத்து எது என்று தெரியாது. அதோடு போகாது: கூரை திறந்து வெயில் விழுந்ததும், மண்ணுக்குள் காத்திருக்கும் விதைகள் ஒன்றாக எழும். மறு வருடம் போய்ப் பார்த்தால் நாற்றுப் பாவியதுபோல் சீகைக் குட்டிகள். முன்பு மரத்துக்கு மரம் நடந்துபோக இடம் இருந்தது. இப்போது கைகூட நுழையாது.

தென்னாப்பிரிக்கா இந்தப் பாடத்தை நமக்கு முன்னரே படித்தது. பட்டைக்காகக் கறுப்பு வாட்டிலை வளர்த்த அந்த நாட்டின் புல்வெளிகளையும் ஆற்றோரங்களையும் அதே மரம் பிடித்துக்கொண்டது. 1995இல் நீருக்காக அயல் மரங்களை அகற்றும் பெரும் வேலைத்திட்டத்தை அரசு தொடங்கி, ஏழைகளுக்கு அதில் கூலி வேலை தந்தது. மரத்தை விட்டுவிட்டு அதன் விதையை மட்டும் தின்னும் ஒரு கூன்வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விடவும் செய்தது. வெட்டுவதோடு நிற்காமல் விதை சேராமல் தடுக்கவும் அவர்கள் முயன்றதில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய அறிவு இருக்கிறது. விறகுக்கும் தொழிலுக்கும் சீகையை நம்பியிருப்போர் இங்கேயும் உண்டு. அவர்கள் அடுப்புக்குச் சீகை எரிவதால்தான் பல சோலைகள் இன்னும் வெட்டுப்படாமல் நிற்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

என் கருத்தில் மலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்காமல் ஒரு மரத்திலும் கோடரி விழக் கூடாது. சோலைக் கன்றுகள் நிறைந்த பழைய தோட்டங்களை அப்படியே விட வேண்டும். அங்கே செய்ய வேண்டியது செஸ்ட்ரம் போன்றவற்றைப் பிடுங்குவது மட்டும். அங்கே புல் போய்விட்டது, அதை ஏற்க மனம் ஒப்பாவிட்டாலும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். அடியில் எதுவும் முளைக்காத அடர்ந்த சீகை, பைன் தோட்டங்களைப் பகுதி பகுதியாக, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு திறக்கலாம். திறந்த இடத்தில் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதும் எளிதல்ல. சீகை விட்டுச் சென்ற நைட்ரஜன் மண்ணில் இருக்கும். அதில் மெதுவான மேட்டுப் புல்லுக்கு முன்னால் பெரணியும் அயல் களைகளும் குதித்து எழும். உதகையில் காட்வின் வசந்த் பாஸ்கோ போன்றவர்கள் மலையின் சொந்தப் புல் இனங்களை நாற்றங்காலில் பெருக்கி, கொத்துக் கொத்தாக நட்டு வருகிறார்கள். கேரளத்தில் வட்டவடைப் பக்கத்து மேடுகளிலும் வனத்துறை ஊர்மக்களைக் கொண்டு இதே வேலையைச் செய்திருக்கிறது. புல்லுக்கு நாற்றங்கால் என்பதை நம் தாத்தாக்கள் கேட்டால் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எஞ்சியிருக்கும் புல்வெளி. எல்லாவற்றுக்கும் முன்னால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான், ஆனால் வெட்டுமரம் கிடைக்காததால் ஒப்பந்தக்காரர்கள் திரும்பிப் பார்க்காத இடமும் அதுதான். புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக முழங்கால் உயரத்தில் நிற்கும் சீகைக் கன்று இன்னும் பூக்கவில்லை, விதை போடவில்லை. மழைக்காலத்தில் மண் நெகிழ்ந்திருக்கும்போது ஒருவர் கையாலேயே வேரோடு இழுத்துவிடலாம். ஐந்தாறு ஆண்டு விட்டால் அதற்கே வாள் வேண்டும். அதற்குள் அது பல்லாயிரம் விதை கொட்டியிருக்கும். குளிர்கால இரவுகள் மிதமாகிவருவதால் உறைபனி என்ற பழைய வேலியும் தளர்கிறது என்று 2020 ஆய்வு எச்சரிக்கிறது. அதன்படி பார்த்தால் காலம் நம் பக்கம் இல்லை. இந்தப் பிடுங்கும் வேலைக்கு மலைக்கிராமத்துப் பெண்களும் தோடரும் படகரும் பளியரும் போதும். அவர்களுக்கு ஆண்டுதோறும் கூலி உறுதியாக வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு ஆயுள் 50 ஆண்டு. அதைக் களைவதற்கான பணமோ ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.